ஒடியல் கூழ் பாடிய பாட்டு

லண்டன் மாநகரத்தில் தாளம் தப்பாமல் பிரேக் பிடிக்கிற ஒரே கூட்டம், ஆத்மா மாஸ்டரிடம் கார் ஓடப் பழகியவர்கள்தான். இல்ஃபோர்ட் பக்கம் வந்தால் நீங்களே பார்க்கலாம். சிவப்பு விளக்கில் நிற்கிற ஒரு காரின் பின்விளக்குகள் டும்-டும்-டக் என்று விட்டுவிட்டு மின்னினால், உள்ளே இருப்பவர் மாஸ்டரின் மாணவர். வேறு அத்தாட்சி தேவையில்லை.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. கணக்கு அலுவலகத்தில் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள், பஸ்ஸுக்குக் காத்து நின்றே நாற்பது வயதைத் தாண்டியவள். இனிமேல் நனைய ஏலாது என்று முடிவெடுத்துக் கார் பழகப் போனேன். ஊரெல்லாம் விசாரித்ததில் எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். நல்ல மாஸ்டர், கோபமே வராது, ஆனால் கொஞ்சம் பாட்டுப் போடுவார் என்றார்கள். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவருடைய சொந்தப் பெயர் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த அனுமதி அட்டையில் மட்டும் இருந்தது. அதையும் வெயில் தின்றுவிட்டது. லண்டன் வெயிலே தின்றுவிட்டது என்றால் அவர் எவ்வளவு காலமாக இந்தத் தொழிலில் இருக்கிறார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

'ஆத்மா' என்ற பெயர் ஒரு கலியாண வீட்டில் வந்தது. உதென்ன பாட்டு அண்ணை, எந்த நேரமும் காருக்குள்ளே கேட்கிறீர்கள் என்று யாரோ கேட்டார்களாம். சோல் என்றார். சோல் என்றால் என்ன என்றார்கள். "சோல் எண்டா ஆத்மா" என்றார். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடிய அதே மூச்சோடு வெளியே வந்து காதலுக்கும் பிரிவுக்கும் பாடிய பாட்டு அது என்று விளக்கவும் செய்தார். பந்தியில் அப்பளம் வந்த நேரமாகையால் விளக்கத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஆத்மா மட்டும் ஒட்டிக்கொண்டது.

அகதியாக வந்த புதிதில் ஒரு பெட்ரோல் ஷெட்டில் வேலை செய்தாராம். அங்கே இருந்த பழைய ரேடியோவில் ஒரு பாட்டுப் போனது. இங்கிலீஷ் பிடிபடாத காலம். "சொல் ஒண்டும் விளங்கேல்லை தங்கச்சி. அழுகை மட்டும் வடிவா விளங்கிச்சு" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்று தொடங்கியதுதான் இசைத்தட்டுச் சேகரிப்பு. எல்லோரிடமும் கிடைக்கிற தட்டு அவருக்குத் தேவையில்லை. ஊர் பேர் தெரியாத பாடகர் ஒரே ஒரு பாட்டைப் பாடி, அதுவும் விற்காமல், கம்பனியும் மூடி, உலகம் மறந்துபோன தட்டாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவற்றை வைப்பதற்காக அவர் மனைவி மலர் அக்காவின் சேலை அலுமாரி முதலில் போனது. பிறகு சாமியறையில் பாதி போனது. சாமிக்கு மிச்சம் விட்டதே பெரிய விசயம் என்பார் மலர் அக்கா.

இப்போது அவருடைய பாடமுறைக்கு வருகிறேன். மற்ற மாஸ்டர்மார் கண்ணாடியைப் பார், சிக்னலைப் போடு என்பார்கள். நம்முடையவர் பாட்டைப் போடுவார். தட்டுகளைக் கசெட்டில் பதிந்து காருக்குள் வைத்திருந்தார். தபேலா போல ஒரு சத்தம் வரும்போது கிளச்சை விட வேண்டும். குழல்கள் சேர்ந்து ஊதும்போது கியர். அவருக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டில், நடுவில் ஓர் இடத்தில், பாடுகிற பெண் பாட்டை விட்டுவிட்டுச் சின்னதாக ஒரு சிரிப்புச் சிரிப்பாள். ஏன் சிரிக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

"உந்தச் சிரிப்பு வரேக்கை ஹாண்ட் பிரேக்கை விடுங்கோ தங்கச்சி. முந்தியும் வேண்டாம், பிந்தியும் வேண்டாம்."

மேட்டில் நிற்கிற காரைப் பின்னால் உருளவிடாமல் எடுக்க நான் பழகியது இப்படித்தான். அந்தச் சிரிப்பு இல்லாமல் எனக்கு மேடே ஏறாது. பரீட்சையில் பாட்டுப் போட விடமாட்டார்கள் என்பதை மாஸ்டர் யோசித்ததாகத் தெரியவில்லை. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது நான் அந்தப் பாட்டை முணுமுணுத்து, உரிய இடத்தில் சிரித்து, காரை எடுத்தேன். பரீட்சகர் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்தப் பரீட்சையில் நான் தேறவில்லை. காரணம் சிரிப்பல்ல, பழைய பொருட்கள் விற்கிற தருமக் கடைகள். மாஸ்டரின் பாடப் பாதை எல்லாம் அந்தக் கடைகளைத் தொட்டுக்கொண்டுதான் போகும். கடை வாசல் வந்ததும் ஓரம் கட்டச் சொல்வார். இரண்டு கார்களுக்கு நடுவில் பின்பக்கமாக நுழைத்து நிறுத்தப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போவார். நான் நுழைத்து நுழைத்து எடுப்பேன். அவர் இசைத்தட்டுப் பெட்டியைக் கிளறிவிட்டு, கையெல்லாம் தூசியோடு வருவார். பரீட்சை நாளில் வழியில் ஒரு தருமக் கடை வந்தது. என் கை தன்பாட்டில் இடது சிக்னலைப் போட்டு, கார் தன்பாட்டில் ஓரம் கட்டியது. ஏன் நிறுத்தினீர்கள் என்று பரீட்சகர் கேட்டார். மாஸ்டர் இங்கே இறங்குவார் என்றேன்.

கோயில்காரர் மாஸ்டரைப் பிடித்த கதையையும் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குரோய்டனில் ஒரு மண்டபத்தில் பழைய சோல் ரசிகர்கள் கூடுவார்கள். தேநீர் குடிப்பார்கள், தட்டுப் போடுவார்கள், ஆடுவார்கள். கால் வழுக்கி நன்றாகச் சுழல வேண்டும் என்று தரையில் குழந்தைப் பவுடரைத் தூவுவது அவர்களுடைய வழக்கம். மாஸ்டர் ஆடிவிட்டு முழங்கால்வரை வெள்ளையாக, வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வருவார். இதை எங்கள் கோயில் செயலாளர் பார்த்தார். ஆத்மா என்று பெயர், ஞாயிறு தவறாத ஒழுங்கு, உடம்பில் திருநீறு, முகத்தில் பரவசம். ஆளிடம் அரிய ஆத்ம கீதங்கள் அலுமாரி அலுமாரியாக இருக்கின்றன என்றும் கேள்வி. திருவிழாவுக்கு 'ஆத்மாவும் இசையும்' என்று பேசக் கூப்பிட்டுவிட்டார்.

மாஸ்டர் தட்டுச் சுழற்றும் பெட்டியோடு போனார். நாலு வார்த்தை பேசிவிட்டு ஊசியை வைத்தார். ஒருவர் "பேபி, பேபி, என்னை விட்டுப் போகாதே" என்று இங்கிலீஷில் கதறத் தொடங்கினார். நான் பின்வரிசையில் செருப்பைத் தேடத் தொடங்கினேன். பாட்டு முடிந்ததும் செயலாளர் எழுந்தார். இறைவனைக் குழந்தையாகப் பாவித்து உருகிப் பாடுகிற பிள்ளைத்தமிழ் மரபு அமெரிக்காவிலும் இருக்கிறது என்பதை இன்று அறிந்துகொண்டோம் என்று நன்றியுரை சொன்னார். மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன்.

இனி, கீத். குரோய்டன் கூட்டத்தை நடத்துகிறவர். ஓய்வுபெற்ற தபால்காரர், வெள்ளைக்காரர், நல்ல மனிதர், மாஸ்டரின் ஒரே எதிரி. அரிய தட்டு ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்றவர்கள் பெயரைப் பார்த்துத் தேடி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, தட்டின் நடுவில் இருக்கிற லேபிளின் மேல் கடதாசி ஒட்டிப் பொய்ப்பெயர் எழுதுவது இந்தச் சேகரிப்பாளர்களின் தொன்றுதொட்ட வழக்கம். கீத் அதை எட்டிப் பார்ப்பார், நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். ஆகவே மாஸ்டர் இரண்டு ஏற்பாடு செய்தார். ஒன்று, கடைப் பசையை விட்டுவிட்டு, சிவப்பரிசிச் சோற்றைக் குழைத்து ஒட்டினார். மலர் அக்கா சோற்றை அளந்து வடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இரண்டு, பெயரைத் தமிழில் எழுதினார். அவர் எழுதிய நாளில் வீட்டில் என்ன சமையலோ, அதுதான் பாடகரின் பெயர். 'வல்லாரைச் சம்பல்' என்று ஒரு பாடகர் இருந்தார். 'பாவற்காய்ப் பொரியல்' என்று ஒரு குழுவினர் இருந்தனர்.

அந்தச் சிரிப்புப் பாட்டு இருக்கிறதே, அதை எழுதிய நாளில் வீட்டில் ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவில் நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சுகிற எங்கள் யாழ்ப்பாணத்துக் கூழ். கீத் லேபிளைப் பார்த்து இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மாஸ்டர் பொய் சொல்லவில்லை. எழுதியிருந்ததை அப்படியே வாசித்தார்.

கீத்தின் காதில் அது 'ஓடியல் கூல்' என்று விழுந்தது. இதைவிட ஒரு சோல் பாடகிக்குப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. ஒலிபெருக்கியில் அப்படியே அறிவித்தார். பிறகு இணையத்தில் எழுதினார். அடுத்து யாரோ ஓடியல் கூல் டெட்ராய்ட்டில் பிறந்தவர் என்று எழுதினார். வேறொருவர், இல்லை, சிக்காகோ என்று சண்டைக்குப் போனார். இங்கிலாந்து முழுவதும் தாடி வைத்த மனிதர்கள் பழைய தட்டுக் கடைகளில் ஓடியல் கூல் இருக்கிறதா என்று கேட்டுத் திரிந்தார்கள். அந்தப் பாட்டை ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கக் கைப்பேசிகளுக்குக்கூடத் தெரியவில்லை. உலகத்தில் வேறு யாரிடமும் அந்தத் தட்டு இல்லை. அது இருக்கும்வரைதான் மாஸ்டர் குரோய்டனில் ராசா. பெயர் தெரிந்து, கீத்தும் எங்கேயாவது ஒன்றைத் தேடி எடுத்துவிட்டால், அவர் வெறும் டிரைவிங் மாஸ்டர்தான். இதை அவரே எனக்குச் சொன்னார், சிரிக்காமல்.

கடைசியில் எனக்கும் லைசென்ஸ் கிடைத்தது. கார் வாங்கினேன். கார் வாங்கிய மறுநாளே பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டினார். ஜமேக்காவில் பிறந்தவர், எண்பதை நெருங்குகிறார், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். என் பிள்ளைகளுக்குத் தட்டில் சோற்றை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டவர். கடைக்கு, டாக்டரிடம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். ஒருநாள் காரில் வரும்போது, இளம் வயதில் தான் பாடுவேன் என்றும், ஒரு தட்டுக்கூட வெளிவந்தது என்றும் சொன்னார். கம்பனி உடனே மூடிவிட்டது. கையில் இருந்த ஒரே பிரதியை யாரோ கேட்கக் கொடுத்தார், அது திரும்பி வரவில்லை. மகனிடம் சொன்னால் சிரிக்கிறானாம். அம்மா மறுபடியும் தொடங்கிவிட்டா என்று பேரப்பிள்ளைகளிடம் கண்ணடிக்கிறானாம்.

"அது என் பெயர் போட்ட தட்டு. அதை அவன் ஒருதடவை பார்த்தால் போதும்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழைய பாட்டுக் கூட்டம் ஒன்று இருக்கிறது, வாறீங்களா என்று கேட்டு, அடுத்த ஞாயிறு குரோய்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டைக் கேட்டால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

மாஸ்டரிடம் பக்கத்து வீட்டு அன்ரி என்று அறிமுகப்படுத்தினேன். அவர் குனிந்து வணக்கம் சொல்லி, தேநீர் எடுத்துக் கொடுத்து, பவுடர் வழுக்கும் என்று எச்சரித்து, நல்ல கதிரையாகப் பார்த்து உட்காரவைத்தார். வழமைபோல மாஸ்டர் கடைசியாகப் போடுகிற தட்டுக்குக் கீத் ஒலிபெருக்கியில் முழங்கினார், ஒப்பற்ற ஓடியல் கூல் என்று. பாட்டுத் தொடங்கியது. அன்ரி தேநீர்க் கோப்பையை என்னிடம் தந்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாட்டில் அந்த இடம் வந்தது. தட்டில் இருந்த பெண் சிரித்தாள். என் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்ணும் சிரித்தார். இரண்டும் ஒரே சிரிப்பு. என் இடது கை, எத்தனையோ காலத்துப் பழக்கத்தில், இல்லாத ஹாண்ட் பிரேக்கை விட்டது.

"அது நான்" என்றார் அன்ரி. "மேளக்காரனின் தடி கைநழுவிப் போய்விட்டது. அதுதான் சிரித்தேன். திரும்பப் பாட அவர்களுக்கு நேரம் இல்லை."

பாட்டு நின்றுவிட்டது. ஆட்டமும் நின்றுவிட்டது. கீத் மிகவும் மரியாதையாக, ஓடியல் கூல் டெட்ராய்ட்டைச் சேர்ந்தவர் அம்மா என்றார். அன்ரி தன் பெயர் டோரீன் என்றார். தெற்கு லண்டனில் ஒரு கடைக்குக் கீழே இருந்த நிலவறையில் பாடினேன், லேபிளில் என் பெயர் இருக்கும், பாருங்கள் என்றார். எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

மாஸ்டரின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அந்தக் கடதாசிக்கு அடியில் என்ன பெயர் இருக்கிறது என்று அந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவருடைய ராச்சியம் பிழைக்கும். அவர் என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, ஓம். டோரீன்தான்" என்றார். "மனுசி உயிரோட இருக்கிறா எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. நான்தான் அவவின்ரை பேரை மூடி வைச்சனான்."

அன்ரியின் மகன் நம்பாமல் சிரிப்பதை நான் அவருக்குச் சொன்னேன். வாயால் சொன்னால் மட்டும் போதாது என்று அவருக்கே விளங்கியது. மகன் கண்ணால் பார்க்க வேண்டும். கடதாசியை எடுத்தாக வேண்டும். ஒட்டியதோ அவருடைய சிவப்பரிசிச் சோறு. வேகமாக உரித்தால் பெயரும் சேர்ந்து கிழிந்து வரும், உலகத்தில் வேறு பிரதி கிடையாது. கீத் முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டலாம் என்றார். தட்டு அப்பளமாகிவிடும் என்று மாஸ்டர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். தேநீருக்கு வைத்த வெந்நீரை ஆறவிட்டு, கைக்குட்டையை நனைத்து, லேபிளின் மேல் ஒற்றினார். ஓரத்தைத் தூக்கினார், நிறுத்தினார், திரும்பவும் தூக்கினார். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் கிளச் விடப் பழக்கிய மனிதருக்கு எந்த இடத்தில் விடுவது என்று தெரியவில்லை.

"ஆறுதலா, மெல்ல மெல்ல, மாஸ்டர்" என்றேன்.

"பாட்டு இல்லாமல் எனக்கு ஏலாது தங்கச்சி."

தட்டோ அவர் கையில், கசெட்டோ காருக்குள். எப்படிப் பாட்டுப் போடுவது? நான் டோரீன் அன்ரியிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, பாடத் தொடங்கினார். குரல் கரகரத்தது. மேல்ஸ்தாயியில் போக வேண்டிய இடத்தில் கீழே போய்ச் சமாளித்தார். ஆனால் தாளம் இம்மியும் தப்பவில்லை. மாஸ்டர் தாளத்தோடு தாளமாகக் கடதாசியை நகர்த்தினார். தாடிக்கார மனிதர்கள் மூச்சு விடாமல் சுற்றி நின்றார்கள். அந்த இடம் வந்தது. அன்ரி சிரித்தார். மாஸ்டர் விட்டார். முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.

லேபிளில் பாதி கடதாசியோடு போய்விட்டது. கம்பனியின் பெயர் போயிற்று. பாட்டின் தலைப்பும் போயிற்று. மிச்சப் பாதியில், மேலே இரண்டு சிவப்பு அரிசியோடு, 'டோரீன்' இருந்தது. அன்ரி அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கீத் தொப்பியைக் கழற்றினார். பிறகு பழக்கதோசத்தில், லேபிள் கிழிந்தால் தட்டின் தரம் குறைந்துவிடும் என்று மெல்லச் சொன்னார். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

மாஸ்டர் தட்டைத் தன் சட்டையில் துடைத்தார். இரண்டு கையாலும் நீட்டினார். "அன்ரி, இது உங்கட" என்று தமிழிலேயே சொன்னார். அன்ரிக்கு விளங்கியது. வீட்டில் தட்டுப் போடுகிற பெட்டி இல்லையே என்று அவர் சொல்ல, அதற்கென்ன, நான் கொண்டுவாறன் என்றார் மாஸ்டர். நான் அழுததைப் பவுடர் கண்ணில் விழுந்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

மகன் வந்து பார்த்தான். வாசலில் நின்றபடியே தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மாவை நீண்ட நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு மலர் அக்கா ஒடியல் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார், தன் சமையலின் பெயரில் ஊரெல்லாம் புகழ்பெற்ற பாடகியைப் பார்க்க வேண்டும் என்று. டோரீன் அன்ரி இரண்டு கோப்பை குடித்துவிட்டு, இந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். குரோய்டன் மண்டபத்தின் விளம்பரத் தாளில் இப்போது 'டோரீன், அல்லது ஓடியல் கூல்' என்றுதான் போடுகிறார்கள். டெட்ராய்ட்டா சிக்காகோவா என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

மாஸ்டரிடம் இப்போது உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத தட்டு என்று ஒன்றும் இல்லை. கேட்டால், வல்லாரைச் சம்பல் இருக்கிறார் என்பார். ஆனால் அந்தக் கடதாசிகளையும் ஒவ்வொன்றாக நனைத்து எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று மலர் அக்கா சொன்னார். யார் எங்கே உயிரோடு இருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும் என்கிறாராம்.

போன கிழமை வேலை முடிந்து வருகிறேன், எனக்கு முன்னால் அவருடைய கார். மேட்டுச் சந்தியில் சிவப்பு விளக்கு. முன்சீட்டில் டோரீன் அன்ரியின் தொப்பி தெரிந்தது. பின்விளக்குகள் டும்-டும்-டக் என்று மின்னின. எந்தப் பாட்டு, எந்த இடம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பச்சை விழுந்தது. மாஸ்டர் எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். நானும் ஹாண்ட் பிரேக்கில் கையை வைத்தபடி, அன்ரி சிரிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.